தீர்ப்புக்குக் கொடுத்த கேசட்

சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
யுவ வருடம், ஆவணி 12 (28-8-1995)

என் தம்பி திருஞானசம்பந்தத்துக்கு,

அக்கா நீலாம்பாள் எழுதுவது. நலம் விசாரித்து நாலு வரி எழுதிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும் என்பது முறை. அந்த முறையைக் கடைப்பிடிக்கும் பொறுமை இன்று என்னிடம் இல்லை.

உன் மகளாய்ப் பிறந்து எனக்கு மருமகளாய் வந்த சங்கரியைப் பற்றியே எழுதுகிறேன். மஸ்கட்டில் இருந்து என் மகன் குமரகுருபரன் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் அனுப்பியபோது, தனியே இருக்கும் பெண் பொழுதுபோக்கட்டும் என்று பேசாதிருந்தேன். இப்போது ஒரு கேசட் வந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கேசட்டாம். ஐந்தாறு வெள்ளைக்காரப் பெண்கள், உடம்பில் வண்ணம் பூசியதோ என்று ஐயுறும்படியான உடையில், தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியதைப் போன்ற ஒரு தாளத்துக்குக் குதிக்கிறார்கள். வியர்வை வழிய வழியச் சிரிக்கிறார்கள். முதல் பாதிக் குதிப்பு இருதயத்துக்காம். மறுபாதியில் எடை தூக்குவது தசைக்காம். கூடத்தைக் கடக்கையில் ஒரு கணம் கண்ணில் பட்டது. அன்றைய சோறு எனக்கு இறங்கவில்லை.

பார்ப்பதோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்பேன். வெள்ளிக்கிழமை நம் தெரு மன்றத்தில் திருமுறை ஓதல் சீக்கிரம் முடிந்தது. வீட்டுக்கு வந்தால், திருமணத்தன்று அவளும் என் மகனும் மாலையோடு அமர்ந்த பலா மணையைக் கூடத்தின் நடுவே போட்டு, அதன்மேல் காலை வைத்து ஏறுவதும் இறங்குவதுமாய் இருக்கிறாள். இரு கைகளிலும் பூசையறையின் பித்தளைச் செம்புகள். சுவாமிக்கு நீராட்டும் செம்புகள், தம்பி!

“ஏட்டி, என்ன செய்யுத?” என்றேன்.

“எக்சர்சைஸ் அத்தை.”

“செம்பை எதுக்குட்டி தூக்குத?”

“வீட்டுல இது ரெண்டுதான் அத்தை ஒரே கனமா இருக்கு” என்கிறாள், மூச்சு வாங்கிக்கொண்டே. ஒரு கூச்சம் இல்லை, ஒரு பதற்றம் இல்லை.

புலாலும் எலும்பும் போர்த்த இவ்வுடம்பு நிலையாதது என்று பெரியோர் பாடியவற்றை முப்பதாண்டுகள் வகுப்பில் நடத்தியவள் நான். என் வீட்டிலேயே அந்த உடம்புக்கு, சுவாமி பாத்திரத்தைக் கொண்டே ஆராதனை நடக்கிறது. செம்புகளைப் புளியிட்டுத் துலக்கிவிட்டேன். அருவருப்பு மட்டும் துலக்கியும் போகவில்லை.

நீ புறப்பட்டு வந்து அவளுக்குப் புத்தி சொல். இயலாதெனில் அவளை உன்னோடு அழைத்துப் போ.

உன் அக்கா,
நீலாம்பாள்


களக்காடு,
2-9-1995

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி திருஞானசம்பந்தத்தின் வணக்கம். உன் கடிதத்தைத் தோட்டத்தில் வாழைக்கு நீர் பாயும்போது படித்தேன். முடிப்பதற்குள் மடை உடைத்துக்கொண்டது. உன் எழுத்துக்கு இன்னமும் அந்த வேகம் இருக்கிறது.

நேரில் வர முடியவில்லை. அதற்கு மறுநாள் வாழைத்தார் இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, கட்டிலில் இருந்து எழுவதற்கே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. பேருந்தில் ஏறினால் என்னைச் சீட்டோடு பெயர்த்துத்தான் இறக்க வேண்டும்.

செம்பை எடுத்தது தப்பு. அதற்கு நானே அவளைக் கண்டித்து எழுதுகிறேன். ஆனால் மற்றதைச் சற்று ஆறப்போட்டு யோசி. சங்கரிக்கு இருபத்தேழு வயதிலேயே சர்க்கரை வந்திருக்கிறது. அவள் அம்மையை அந்தச் சர்க்கரைதான் கொண்டுபோயிற்று. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று என் வீட்டுக்காரியைத் துண்டு துண்டாகக் கொடுத்தேன் அக்கா. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும்தான் என்னோடு உட்கார்ந்திருந்தாய். மருந்தோடு உடம்பையும் அசைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதன் பேரில், காலையில் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போனாள். டீக்கடையில் நின்ற பயல்கள் “யம்மா, தேர் வருது, வடம் பிடிங்கலே” என்று கேலி செய்ததாகக் கேள்விப்பட்டு, போகக் கூடாது என்று தடுத்தவள் நீ. வெளியே நடந்தால் கேலி, உள்ளே குதித்தால் பாவம். எங்கேதான் அசைவாள்?

அவளை அழைத்துப் போ என்று இனி அவசரத்தில் எழுதாதே. என் மகளைச் சம்பந்தியிடமா கொடுத்தேன்? என் அக்காவிடம் கொடுத்தேன்.

தம்பி,
திருஞானசம்பந்தம்


சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
ஆவணி 25 (10-9-1995)

தம்பிக்கு,

இதற்குள் சங்கரி அங்கு வந்து சேர்ந்திருப்பாள். நான் விரட்டியதாகச் சொல்லியிருந்தால் அது முழு உண்மையன்று. பூசையறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மணையைப் பரணில் ஏற்றினேன். டெக்கின் வயரைப் பிடுங்கினேன். அவ்வளவே. “அப்ப நான் சாவணுமா அத்தை?” என்று கேட்டாள். “உன் பாட்டி காலத்துப் பெண்கள் குதித்தா உயிர் வாழ்ந்தார்கள்?” என்றேன். ஒரு பையை எடுத்துக்கொண்டு களக்காட்டுப் பேருந்தில் ஏறிவிட்டாள்.

உன் வீட்டுக்காரியின் காலை நினைவூட்டினாய். அதை மறப்பேனா? ஆயினும் நோயைக் காட்டி ஆபாசத்தை வீட்டுக்குள் விடலாகாது. என் சொல் மட்டும் நின்றால் அதை மாமியார்த்தனம் என்று நீயும் எண்ணக்கூடும். ஆகவே நம் வழக்கப்படியே செய்திருக்கிறேன். ஆசாரத்தில் ஐயம் வந்தால் மன்றத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்வது இத்தெருவின் முறை அல்லவா? தீட்டு எத்தனை நாள் என்பதிலிருந்து, கைம்பெண் குத்துவிளக்கு ஏற்றலாமா என்பது வரை அங்கேதான் முடிவாயிற்று. அலமாரியில் இருந்த இரண்டு கேசட்டுகளையும் முந்தானையால் பிடித்தெடுத்தேன். வெறுங்கையால் தொட மனம் கூசியது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, மன்றத் தலைவர் அருணாசலம் அண்ணாச்சியிடம் கொடுத்து, சைவக் குடும்பத்துப் பெண் பார்க்கத் தக்கதுதானா என்று ஆராய்ந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

“நீங்க கவலையே படாதிய டீச்சரம்மா. ஒரு வரி விடாமப் பாத்துச் சொல்லிருவோம்” என்று வாங்கிக்கொண்டார். அவர் ஓதும்போது கண்ணீர் திருநீற்றில் கோடிடும், நீயும் கண்டிருக்கிறாய். தகும் என்று அவர் சொல்லிவிட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். தகாது என்றால் சங்கரி அடங்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை அவள் அங்கேயே இருக்கட்டும்.

நீலாம்பாள்


களக்காடு,
14-9-1995

அக்கா,

இதை அஞ்சலில் போட்டால் தாமதமாகும் என்று வாழைத்தார் லாரியில் பிச்சைக்கண்ணுவிடம் கையோடு கொடுத்தனுப்புகிறேன். படித்த உடனே மன்றத்துக்குப் புறப்படு.

இரண்டு கேசட்டையும் கொடுத்ததாக எழுதியிருந்தாய். அந்த வரியைக் கேட்டதும் சங்கரி கடிதத்தைப் பிடுங்கி மறுபடி படித்தாள். அதில் ஒன்றுதான் மஸ்கட்டில் இருந்து வந்தது. வெள்ளைத் தாள் ஒட்டிய மற்றொன்று இவர்களே எடுத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மேலப்பாளையத்து அலிமா பீவியை உனக்குத் தெரியும். குமரனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மனைவி. பார்சல் வாங்க வந்து போன பழக்கம். அவளுக்கும் சர்க்கரை. கேசட்டில் வெள்ளைக்காரி பேசும் இங்கிலீஷ் அவளுக்குப் புரியவில்லை என்று சங்கரி தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். திங்களும் வெள்ளியும் நீ மன்றத்துக்குப் போகும் நேரத்தில் அவள் வருவாளாம்; நீ சீக்கிரம் திரும்பிய அன்று மட்டும் வரவில்லையாம். பஸ் ஏறித் தினமும் வர முடியாது, தன் வீட்டில் போட்டுப் பார்த்துச் செய்யலாம் என்று அவள் கேட்டதால், குமரன் விடுமுறையில் விட்டுப்போன கேமராவில், நீ திருச்செந்தூர் போயிருந்த அன்று, பக்கத்து வீட்டு நித்யா படம் பிடித்திருக்கிறாள். அலிமா பீவி தலைத்துணியை எடுத்துவிட்டுச் செய்திருக்கிறாள். ஓர் ஆண் கண்ணும் படாது என்று சங்கரி சத்தியம் செய்த பிறகுதான் எடுத்தாளாம். சங்கரியும் துப்பட்டா இல்லாமல் சுடிதாரில் நிற்கிறாள். இந்த ஒரு கேசட்டுதான், நகல் கிடையாது. அலிமாவிடம் கொடுப்பதற்குள் உங்கள் சண்டை வந்துவிட்டது.

நீ பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் அடையாளம் கண்டிருப்பாய். அருவருப்பில் பார்க்காமலே கொடுத்துவிட்டாய்.

“அந்தக் கேசட்டு அலிமாக்கா கைக்குப் போற வரைக்கும் நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேம்பா” என்கிறாள். இது மாமியார் மருமகள் பேச்சு இல்லை அக்கா. என் மகள் உன் வீட்டில் வாழ்வதா இல்லையா என்பது அந்தக் கேசட்டில் இருக்கிறது.

திருஞானசம்பந்தம்


சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
புரட்டாசி 2 (18-9-1995)

தம்பிக்கு,

கேசட் என்னிடம் வந்துவிட்டது. அதை முதலில் சங்கரியிடம் சொல்லிவிட்டு மேலே படி.

வெள்ளிக்கிழமை லாரியில் வந்த உன் கடிதத்தோடு மன்றத்துக்குப் போனேன். ஓதல் முடிந்ததும் அருணாசலம் அண்ணாச்சியிடம் தனியே கேட்டேன். “ஆய்வு இன்னும் முடியலம்மா. திங்கக்கிழமை நானே கொண்டாந்து தாரேன்” என்றார். பெண்கள் சம்பந்தப்பட்டது, இன்றே வேண்டும் என்றேன். “பொறுப்பாப் பாக்க வேண்டிய காரியம்லா?” என்று திருநீற்றுத் தட்டை நீட்டினார். எடுத்துப் பூசிக்கொண்டு வந்தேன். அந்த நேரத்துத் திருநீறு இன்னமும் நெற்றியில் எரிகிறது.

மனம் கேளாமல் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, “மன்றத்துலதான் இருக்காவ மதினி. நாலஞ்சு நாளா அங்கனதான். என்னமோ ஆராய்ச்சியாம்லா” என்றாள், வெகு பெருமையாக.

மன்றத்தின் கதவு ஒருக்களித்திருந்தது. தெருவிலேயே சங்கரியின் குரல் கேட்டது. “மூச்சை விட்டுப் பைய குனியுங்க, முதுகு வளையக் கூடாது” என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன்மேல் ஆண்களின் சிரிப்பு.

“அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால ஓட்டும் வே. மறுபடி குனியட்டும்.”

“இது டீச்சரம்மா மருமகதானே? என்ன வே, வெங்கலச் சிலையால்லா இருக்கு!”

“பக்கத்துல நிக்கது யாரு? மேலப்பாளையமா? முக்காட்டுக்குள்ள இவ்வளவும் இருக்கா!”

ஐந்து பேர். அனைவரும் என்னோடு அமர்ந்து ஓதுபவர்கள். நான் பொருள் சொல்லும் இடத்தில், என் மணைப்பலகைக்கு எதிரே, வாடகைக்கு எடுத்த பெட்டியை வைத்திருந்தார்கள். எல்லோர் நெற்றியிலும் மூன்று கோடு. நடுவில் முறுக்குத் தட்டு. தம்பி, சாக்கடை திறந்து கிடந்தால் மூக்கைப் பொத்திக் கடக்கலாம். நாள்தோறும் தீர்த்தம் என்று ஏந்திக் குடித்தது சாக்கடை என்று தெரிய வந்தால் எதைப் பொத்துவது?

என்னைக் கண்டு நால்வர் எழுந்தார்கள். அருணாசலம் எழவில்லை. “வாங்கம்மா. நீங்கதானே பாத்துத் தீர்ப்பு சொல்லச் சொன்னிய? முழுசாப் பாக்காம எப்படிச் சொல்ல?” என்றார்.

“எத்தனை முறை பார்த்தால் முழுசாகும்?” என்றேன்.

“ஒரு தரம் பாத்துச் சொன்னா அது நியாயமா இருக்குமா?”

கேசட்டைக் கேட்டேன். அது டெக்கின் வயிற்றுக்குள் இருந்தது. அதை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தித் தரும்படி அவர்களில் ஒருவரையே நான் கேட்க வேண்டியிருந்தது. அவர் அழுத்துவதற்கு முன், கடைசியாய் ஒரு முறை திரையைப் பார்த்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.

வெளிநாட்டுக் கேசட்டு உறையைவிட்டு எடுக்கப்படாமல் ஓரமாய்க் கிடந்தது; அதையும் எடுத்துக்கொண்டேன். அதை அவர்கள் தொடவே இல்லை. யாரோ ஊர் பேர் தெரியாத பெண்கள் அவர்களுக்கு ருசிக்கவில்லை. தெரிந்த வீட்டுப் பெண்கள்தான் வேண்டியிருந்தது. அவர்கள் ஆபாசம் பார்க்கிறார்கள் என்று சொல்லக்கூட எனக்கு வாயில்லை. தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தவள் நான்.

இனி அந்த மன்றத்தில் என் கால் படாது. சங்கரியை அனுப்பி வை.

நீலாம்பாள்


களக்காடு,
21-9-1995

அக்கா,

உன் கடிதத்தை நான் வாய்விட்டுப் படிக்க, சங்கரி கேட்டாள். பாதியில் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, மிச்சத்தையும் கேட்டாள்.

இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். முதலாவது, அங்கே டெக்கு ஒன்று இருந்ததா, இரண்டு இருந்ததா? நகல் எடுக்க இரண்டு வேண்டுமாம். அடுத்தது, அலிமா பீவிக்குச் சொல்லியாயிற்றா?

“சொல்லாம கேசட்டை மட்டும் கொண்டு குடுத்துரலாம், அவளுக்கென்ன தெரியப் போகுது” என்றேன். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது. “தெரியாமலே வச்சிருந்தா, அந்த அஞ்சு பேரும் பஸ் ஸ்டாண்டுல அலிமாக்காவைப் பாத்துச் சிரிப்பானுவ. எதுக்குச் சிரிக்கானுவன்னு அவியளுக்குத் தெரிய வேண்டாமா? நான் சத்தியம் பண்ணினேன். உடைச்சது அத்தை. அத்தையே போய்ச் சொல்லட்டும்” என்கிறாள்.

அருணாசலத்தை நான் இடுப்பு நிமிர்ந்ததும் பார்த்துக்கொள்கிறேன். இதை நீ பார்.

திருஞானசம்பந்தம்


சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
புரட்டாசி 10 (26-9-1995)

தம்பிக்கும், அருகில் இருந்து கேட்கும் சங்கரிக்கும்,

டெக்கு ஒன்றே இருந்தது. இருந்த ஒன்றையே என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று மேலப்பாளையம் போனேன். அலிமா பீவி வாசலுக்கு வந்து, “வாங்க மாமி, சங்கரி எங்க? குதிக்காம எனக்குச் சீனி ஏறிப் போச்சு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் முன்னால் நின்று சொல்வது எளிதாக இல்லை. எதுவும் குறைக்காமல் சொன்னேன். கொடுத்தது யார், பார்த்தவர்கள் யார் யார், என்ன பேசினார்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“அவியளைக்கூட விடுங்க. நீங்க எதுக்கு மாமி குடுத்திய? பாத்தாவது குடுத்தியளா?”

“பார்க்கவில்லை அம்மா. அருவருப்பாக இருந்தது.”

“எங்களையா?”

பைக்குள் இருந்த கேசட்டை வெறுங்கையால் எடுத்தேன்.

அவளிடம் நீட்டி, “இதை எரித்துவிடு” என்றேன். வாங்கியவள், “எரிக்கலாம். அத்தன ஆம்பளை பாத்தாச்சு. எரிக்கதுக்கு முன்னால ஒரு பொம்பளை பாக்கட்டும். உக்காருங்க” என்று டெக்கில் போட்டாள்.

பார்த்தேன். நம் வீட்டுக் கூடம். நம் மணை. என் செம்புகள், கழுத்தளவு நீரோடு. சங்கரி மணையில் ஏறி இறங்க, இவள் கால் மாறி மாறித் தடுமாற, படம் பிடிக்கும் நித்யா சிரித்ததில் கூடமே ஆடியது. “அலிமாக்கா, அது வலது காலு!” “எனக்கு ரெண்டும் ஒரே காலாத்தாம்மா இருக்கு!” “சீக்கிரம், அத்தை திருச்செந்தூர்ல இருந்து பறந்து வந்துருவாவ!” பிறகு செம்பைத் தூக்கும் பகுதி வந்தது. மூச்சு எங்கே விடுவது, முதுகு எங்கே நிமிர்வது என்று என் மருமகள் ஒவ்வொன்றாய்ச் சொல்கிறாள். நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபோதுகூட அத்தனை தெளிவு இருந்ததில்லை. நோய்க்கு அஞ்சிய இரண்டு பெண்கள் வியர்க்க வியர்க்கச் சிரிக்கிறார்கள். நான் தேடினேன் தம்பி. அருவருக்க அதில் ஒன்றும் இல்லை.

அப்போது, அலிமா செம்பை எடுக்கக் குனிந்த இடத்தில், படம் கோடு கோடாக நடுங்கியது. நிமிர்ந்ததும் தெளிந்தது. சங்கரி குனிந்தாள், மறுபடியும் கோடு. முதலில் எனக்கு விளங்கவில்லை. அலிமாவுக்கு விளங்கிவிட்டது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நாடா அங்கே தேயுமாம். அவர்கள் எங்கெங்கே பின்னால் ஓட்டினார்கள் என்பது முழுவதும் அதில் பதிந்திருந்தது. அவள் திரையில் இருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. முன்பே பார்க்க வேண்டியதைக் கடைசி வரை பார்த்தேன்.

பிறகு அவள் வீட்டு வெந்நீர் அடுப்பின் முன் அமர்ந்து இருவருமாய் நாடாவை உருவினோம். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. அந்தப் புகையின் நாற்றம் என் சேலையில் இருந்து இன்னும் போகவில்லை. என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல் வரை வந்து, “சங்கரி எப்ப வருவா?” என்று மட்டும் கேட்டாள்.

நவராத்திரிக்குப் பொருள் சொல்ல வரும்படி மன்றத்தில் இருந்து ஆள் அனுப்பினார்கள். வந்தவனிடம், இருக்கும் ஐந்து பேரில் யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், ஒரே இடத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்து ஆராயும் வழக்கம் உள்ளவர்கள் என்றேன். அவன் புரியாமல் போனான். அனுப்பியவர்களுக்குப் புரியும். வரும் ஞாயிறன்று அருணாசலத்தின் மனைவியிடம் அந்த ஆராய்ச்சி என்னவென்று நானே சொல்லப் போகிறேன். நீ இடுப்பைப் பார்த்துக்கொள்.

சங்கரி, அந்தத் தகரத் தாளத்தை இப்போதும் என்னால் சகிக்க முடியவில்லை. அதைக் குறைத்து வை. சுவாமி செம்பைத் தொடாதே. ஒரே கனத்தில் வேறு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். மணையைப் பரணில் இருந்து இறக்கிக் கூடத்தில் போட்டுவிட்டேன். தெருப்பக்கத்து ஜன்னலுக்குத் திரை தைத்தாயிற்று.

திங்களும் வெள்ளியும் இனி நான் எங்கும் போவதில்லை. அலிமாவிடமும் சொல்லிவிட்டேன், நான் வீட்டில் இருக்கும்போதே வரும்படி.

நீலாம்பாள்